ரோசாப்பூ துரை

உசிலம்பட்டிப் பக்கம் ரோசாப்பூ என்று பேர் வைத்த ஆம்பளைகள் உண்டு. பொண்ணுப் பேர் மாதிரி இருக்கே என்று வெளியூர்க்காரங்க சிரிப்பாங்க. ஊர்க்காரங்க சிரிக்க மாட்டாங்க. அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் அந்த ஊர்க்காரர் கிடையாது, அந்தச் சாதி கிடையாது, தமிழர்கூடக் கிடையாது. செங்கன்னூரில் பிறந்த மலையாளி, சிரியன் கிறிஸ்தவர், லண்டனில் படித்த பாரிஸ்டர். கோட்டில் ரோஜாப்பூ குத்திக்கொண்டு கோர்ட்டுக்குப் போவார். அதனால் கள்ளர் நாட்டு ஜனங்கள் அவரை ரோசாப்பூ துரை என்று கூப்பிட்டார்கள். உண்மையான பெயர் ஜார்ஜ் ஜோசப். யானைக்கல்லில் அவருக்குச் சிலை இருக்கு. பாதி மதுரை தினமும் அதைத் தாண்டித்தான் போகிறது.

இந்த இதழுக்கு அவரைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியதற்குக் காரணம் ரொம்பச் சாதாரணமானது. நாலு வருஷ ஹாஸ்டல் வாழ்க்கையில் நாம் எல்லாரும் ஒரு பட்டியலை மனப்பாடமாக வைத்திருக்கிறோம். மதுரைக்காரன்னா அருவா, திருநெல்வேலிக்காரன்னா அதைவிட நீளமான அருவா, மலையாளின்னா காரியக்காரன், பீகார்க்காரன்னா 'வடக்கன்', பானிபூரி. ஜோக்குதானே என்போம். சென்னையில் ஒரு இன்டர்வியூவில், மதுரை என்று ரெஸ்யூமேயில் பார்த்ததும் ஒருத்தர் என்னிடமே அருவா கேட்டார். நானும் சிரித்துவிட்டு வந்தேன். இந்தப் பட்டியல் ஒருநாள் சட்டப் புத்தகத்துக்குள் ஏறி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்ம மாவட்டத்திலேயே விடை இருக்கு. ஜோசப்பின் கதை அதோடு ஒட்டியது.

அவர் பிறந்தது 1887 ஜூன் 5. வீட்டில் மூத்த பிள்ளை. தம்பி போத்தன் ஜோசப் பின்னாளில் பெரிய பத்திரிகை ஆசிரியர் ஆனவர், ஜர்னலிசம் படிக்கிறவர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ், அப்புறம் எடின்பரோவில் தத்துவம், லண்டனில் சட்டம். 1909 தொடக்கத்தில் ஊர் திரும்பினார். முதலில் சென்னையில் வக்கீல் தொழில், கொஞ்ச நாளில் மதுரைக்கு மாறினார். நல்ல வருமானம், நல்ல உடுப்பு, வீட்டுக்கு எப்போதும் விருந்தாளிகள். மனைவி சூசன்னா. இந்த அளவில் நின்றிருந்தால் கையில் காசு புழங்கும் பாரிஸ்டர்களில் ஒருத்தராக முடிந்திருப்பார்.

அவர் திரும்பி வந்த அதே 1909-ல் இன்னொரு விஷயம் நடந்தது. எட்கர் தர்ஸ்டன் என்ற மெட்ராஸ் மியூசியம் அதிகாரி தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி 7 தொகுதிகள் வெளியிட்டார். இவர் மனிதர்களை நிற்கவைத்து தலை அகலம், மூக்கு நீளம் எல்லாம் அளந்து எழுதிவைத்தவர். இன்றைக்கும் சாதிப் பெருமை பேசும் போஸ்டுகளில் தர்ஸ்டன் பெயர் வருவதைப் பார்க்கலாம். தன் மூக்கை ஒரு வெள்ளைக்காரன் அளந்ததில் என்ன பெருமை என்று எனக்கு விளங்கவில்லை. சாதி சொன்னால் குணம் தெரிந்துவிடும் என்பது அன்றைய அரசாங்கத்தின் அறிவியல். அந்த அறிவியலின் சட்ட வடிவம்தான் குற்றப் பரம்பரைச் சட்டம்.

1871-ல் வட இந்தியாவுக்கு என்று கொண்டுவந்தது. 1911-ல் திருத்தி மெட்ராஸ் மாகாணத்துக்கும் நீட்டினார்கள். 1914-ல் சமணர் மலை அடிவாரத்துக் கீழக்குயில்குடி கள்ளர்கள் மேல் வைத்தார்கள். நம்மில் பாதிப்பேர் டிரெக்கிங், போட்டோஷூட் என்று போய்வருகிற அதே இடம். அடுத்த சில வருஷங்களில் பிறமலைக் கள்ளர்கள் முழுக்க அதற்குள் வந்தார்கள்.

சட்டம் வேலை செய்த விதம் எளிமையானது. ஒரு சாதி குற்றச் சாதி என்று அரசிதழில் அறிவிக்கணும். அந்தச் சாதி ஆம்பளைகள் பெயரைப் பதிந்து பத்து விரல் ரேகையும் எடுக்கணும். இரவில் ஸ்டேஷனிலோ ஊர்ப் பொது இடத்திலோ ஆஜராகணும். ஊர் விட்டு ஊர் போக அனுமதிச் சீட்டு வேணும். எந்தக் குற்றமும் செய்திருக்க வேண்டியதில்லை, பிறந்திருந்தால் போதும். ஜனங்கள் இதை ரேகைச் சட்டம் என்றார்கள். கல்யாணமான அன்று ராத்திரிகூட மாப்பிள்ளை போய் ஸ்டேஷனில் படுத்த கதையை உசிலம்பட்டிப் பக்கம் பெரியவங்க சொல்வாங்க.

அவர்கள் பக்கம் திருட்டே இல்லையா என்று கேட்டால், இருந்தது. அதை மறைத்து எழுத வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் அதன் பின்னணி வேற. பிறமலைக் கள்ளர்களுக்குக் காவல் என்பது பரம்பரைத் தொழில். ஊரைக் காப்பதற்குக் கூலி வாங்குவார்கள். மாடு தொலைந்தால் துப்புக்கூலி கொடுத்து மீட்டுக்கொள்வது அந்தக் காலத்து நடைமுறை. அந்தக் காவலைப் பறித்து போலீஸிடம் கொடுத்தது ஆங்கில அரசு. பிழைப்புக்கு மாற்று எதுவும் கொடுக்கவில்லை. 1895-ல் முல்லைப் பெரியாறு அணை வந்தது, நம்ம சிவில் டிபார்ட்மென்ட்காரங்க வருஷா வருஷம் செமினார் எடுக்கும் அதே அணை. தண்ணீர் மதுரை, மேலூர்ப் பக்கம் பாய்ந்தது. உசிலம்பட்டி மேட்டுக்காடு வானத்தைப் பார்த்தபடியே இருந்தது. நிலத்தில் தண்ணீர் இல்லை, கையில் தொழில் இல்லை, வெளியூர் போகச் சீட்டு வேணும். இதற்கு மேல் ஒருத்தன் எப்படி யோக்கியமாகப் பிழைத்துக் காட்டுவது?

நான் படிப்பது கணினி அறிவியல். எங்கள் பாஷையில் சொன்னால், லேபிளை முதலில் ஒட்டிவிட்டு அப்புறம் டேட்டா சேகரிப்பது. குற்றச் சாதி என்று அறிவித்த ஊரில்தான் போலீஸ் ராத்திரி எண்ணும். எண்ணும் ஊரில்தான் வராதவன் அகப்படுவான். வராததே குற்றம் என்பதால் குற்றக் கணக்கு ஏறும். கணக்கு ஏறினால் சட்டம் சரிதான் என்று ஆகிவிடும். இதே கோளாறு உள்ள மென்பொருளை அமெரிக்காவில் போலீஸ் பயன்படுத்தி, எந்தத் தெருவில் குற்றம் நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லவைத்தார்கள். கருப்பர்கள் வாழும் தெருக்களையே அது திரும்பத் திரும்பக் காட்டியது. நம்ம ஊரில் இதை கம்ப்யூட்டர் இல்லாமலே, மை வைத்துச் செய்தார்கள்.

1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் பெருங்காமநல்லூர். ரேகை வைக்க மாட்டோம் என்று அந்த ஊர் ஜனங்கள் சொல்லிவிட்டார்கள். போலீஸ் படை ஊருக்குள் வந்தது. பேச்சு முற்றிக் கைகலப்பானது, அது துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. குறைந்தது 16 பேர் செத்தார்கள். அதில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருத்தர். குண்டடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் என்று ஊர் சொல்கிறது. ஜாலியன்வாலாபாக் நடந்து இன்னும் ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. அதை நாம் ஆறாம் வகுப்பிலிருந்து படிக்கிறோம். பெருங்காமநல்லூரைப் பள்ளியில் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நான் படித்தது இங்கிலீஷ் மீடியம், மத்திய பாடத்திட்டம், மதுரையிலேயேதான்.

பிழைத்தவர்கள் மேலேயே வழக்குப் பாய்ந்தது. அப்போது கள்ளர்களுக்காகக் கோர்ட்டில் நின்றவர் ஜார்ஜ் ஜோசப். சட்டம் வந்ததிலிருந்தே அவர் அதை எதிர்த்து எழுதியும் வாதாடியும் வந்தவர். காசு கொடுக்க முடியாத கட்சிக்காரர்கள். அவர் பேசும் இங்கிலீஷ் அவர்களுக்குப் புரியாது. அவருடைய தமிழும் மலையாள வாடை இல்லாமல் இருந்திருக்காது. வேறு சாதி, வேறு மதம். அந்த ஜனங்களுக்கு நினைவில் நின்றது கோட்டில் இருந்த பூ.

சட்டத்தை அவரால் ஒழிக்க முடியவில்லை. இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர்தான் சட்டத்தை ஒழித்தார் என்பதுபோல முடித்துவிடுகிறார்கள். அவர் செத்து ஒன்பது வருஷம் கழித்து, 1947-ல்தான் மெட்ராஸ் மாகாணத்தில் அது ரத்தானது. முத்துராமலிங்கத் தேவர் உட்படப் பலர் இடைப்பட்ட வருஷங்களில் அதற்காகப் போராடினார்கள். ஜோசப் கோர்ட்டில் ஒவ்வொரு ஆளாகக் காப்பாற்றினார். அவ்வளவுதான் செய்ய முடிந்தது. ஆனால் அவ்வளவையும் செய்தார்.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது விக்கிபீடியா ஆகிவிடும். 1918-ல் மதுரை ஹார்வி மில் தொழிலாளர்களுக்குச் சங்கம் ஆரம்பித்தார். ஹோம் ரூல் பற்றிப் பேச அன்னி பெசன்ட் இங்கிலாந்துக்கு அனுப்பிய குழுவில் போனார். ஜிப்ரால்டரில் கப்பலைவிட்டு இறக்கித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒத்துழையாமை இயக்கம் வந்ததும் அத்தனை வருமானம் வந்த தொழிலை விட்டார். கோட்டு சூட்டெல்லாம் போய்க் கதர் வந்தது. அலகாபாத் போய் மோதிலால் நேருவின் 'இண்டிபெண்டன்ட்' பத்திரிகைக்கு ஆசிரியர் ஆனார். 1921 கடைசியில் ராஜதுரோக வழக்கில் கைது, லக்னோ சிறையில் ஜவாஹர்லால் நேருவோடு இருந்தார். விடுதலையான பிறகு, காந்தி சிறையில் இருந்த 1923-ல் 'யங் இந்தியா'வை நடத்தினார்.

இவ்வளவு நெருக்கமாக இருந்தவரை காந்தி ஒரு இடத்தில் நிறுத்திவைத்தார். அதுதான் வைக்கம். அவர் வாழ்க்கையில் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படும் இடமும் அதுதான்.

1924 மார்ச் 30-ம் தேதி வைக்கம் சத்தியாகிரகம் தொடங்கியது. கோயிலுக்குள் நுழைவது அல்ல கோரிக்கை. கோயிலைச் சுற்றி இருந்த தெருவில் நடக்கணும், அவ்வளவுதான். ஈழவர், புலையர் முதலானவர்களுக்கு அந்தத் தெரு கிடையாது. கிறிஸ்தவர் நடக்கலாம், முஸ்லிம் நடக்கலாம். யோசித்துப் பாருங்க, ஜோசப் அந்தத் தெருவில் தாராளமாக நடந்து போகலாம். அவருக்கு இதில் போராட எந்த அவசியமும் இல்லை. சிரியன் கிறிஸ்தவர்களை அங்கே மேல்சாதி வரிசையில்தான் வைத்திருந்தார்கள். புலையர் மதம் மாறி கிறிஸ்தவர் ஆனாலும் சர்ச்சில் அவர்களைத் தள்ளி உட்காரவைத்தது அதே சிரியன் கிறிஸ்தவச் சமூகம்தான். ஜோசப் வந்தது அந்த வீட்டிலிருந்து.

கே.பி. கேசவ மேனனும் டி.கே. மாதவனும் கைதானதும் பொறுப்பு ஜோசப் கைக்கு வந்தது. அப்போது காந்தி அவருக்கு எழுதினார். இது இந்துக்கள் தங்கள் பாவத்தைத் தாங்களே கழுவ வேண்டிய விஷயம், கிறிஸ்தவரான நீங்கள் ஒதுங்கி இருங்கள் என்பது அதன் சாரம். சாப்பாட்டுக்கூடம் நடத்த வந்த சீக்கியர்களையும் காந்தி விரும்பவில்லை. கடிதம் வேலைக்கு ஆகவில்லை, சில நாளில் ஜோசப் கைதானார். அவர் பார்வையில் இது மதம் சம்பந்தப்பட்டதே இல்லை. பொதுத் தெரு, அதில் நடப்பது குடிமகனின் உரிமை, அதைக் கேட்க எந்தக் குடிமகனும் வரலாம். தலைவர்கள் உள்ளே போனபிறகு போராட்டம் நிற்கக் கூடாது என்று ஈரோட்டிலிருந்து பெரியாரைக் கடிதம் எழுதி வரவழைத்தவர்களில் இவரும் ஒருவர். பெரியார் வந்ததும் இரண்டு முறை சிறை போனதும் எல்லாருக்கும் தெரியும்.

இந்த வாதத்தில் யார் பக்கம் என்று எனக்குள் ரொம்ப நாள் ஓடியது. காந்தியின் கட்சியில் ஒரு நியாயம் இருக்கு. பாவம் செய்தவன்தான் திருந்தணும், வெளியாள் வந்தால் இதை மதச் சண்டையாகத் திருப்பிவிடுவார்கள். உண்மைதான், திருப்பத்தான் பார்த்தார்கள். ஆனால் அந்த நியாயத்தை நீட்டிக்கொண்டே போனால் கள்ளருக்காக ஜோசப் வாதாடியிருக்கக் கூடாது, ஒரு கள்ளர் பாரிஸ்டர் வரும்வரை பெருங்காமநல்லூர் காத்திருந்திருக்கணும். கட்டிவைத்து இழுத்துக்கொண்டு போகிறவனுக்கு வக்கீல் எந்தச் சாதி என்று பார்க்க நேரம் இருக்குமா? நான் ஜோசப் பக்கம். உங்களில் சிலர் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள், கேன்டீனில் பேசலாம்.

1925 நவம்பரில் வைக்கம் ஒரு சமரசத்தில் முடிந்தது. நாலு தெருவில் மூன்று திறந்தது. ஜோசப்புக்கும் காங்கிரசுக்கும் இடையில் கசப்பு வந்து சில வருஷம் விலகி நின்றார். மதுரைக்கே திரும்பி மறுபடியும் வக்கீல் தொழில். 1933-ல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் காமராஜரைச் சிக்கவைத்தபோது அவருக்காக வாதாடியவர்கள் வரதராஜுலு நாயுடுவும் ஜார்ஜ் ஜோசப்பும். காமராஜர் வெளியே வந்தார். பின்னாளில் முதலமைச்சராகி நம்ம தாத்தா பாட்டிகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்த கதையெல்லாம் அதற்கப்புறம்தான். ஜோசப் மறுபடியும் காங்கிரசுக்கு வந்து 1937-ல் மத்திய சட்டசபைக்குத் தேர்வானார். 1938 மார்ச் 5-ம் தேதி மதுரை அமெரிக்கன் மிஷன் ஆஸ்பத்திரியில் இறந்தார். வயது ஐம்பதுதான்.

கணக்குப் பிடித்தவர்களுக்கு ஒரு கொசுறு. அவருடைய பேரன் ஜார்ஜ் கெவர்கீஸ் ஜோசப் ஒரு கணித வரலாற்றாசிரியர். கணிதம் முழுக்க கிரேக்கத்திலும் ஐரோப்பாவிலும் பிறந்தது என்ற நம்பிக்கையை உடைக்கும் 'தி கிரெஸ்ட் ஆஃப் த பீகாக்' அவர் எழுதியது. நாம் செகண்ட் செமஸ்டரில் முட்டிமோதிய பையின் முடிவிலித் தொடரை லைப்னிட்ஸுக்கு முன்பே கேரளத்து மாதவர் வழிவந்தவர்கள் கண்டிருந்தார்கள் என்பதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் அவர் முக்கியமானவர். தாத்தாவின் வாழ்க்கை வரலாற்றையும் அவரே எழுதியிருக்கிறார். நூலகத்தில் வாங்கிவைக்கச் சொல்லியிருக்கிறோம், பார்ப்போம்.

கதை இங்கே நின்றால் நல்லாத்தான் இருக்கும். ஆனால் நம்ம மாவட்டத்தைப் பற்றி எழுதும்போது பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் என்ற பெயர்களைத் தாண்டிப் போக முடியாது. அதே உசிலம்பட்டி வட்டாரம். 1996-ல் அந்தப் பஞ்சாயத்துத் தலைவர் பதவிகள் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டபோது, ஆதிக்கச் சாதியினரின் எதிர்ப்பால் பத்து வருஷம் அங்கே ஒழுங்காகத் தேர்தல் நடக்கவில்லை. 2006-ல்தான் நடந்தது. எதிர்த்தவர்களில் பலர் ரேகை வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள். பிறப்பை வைத்து ஒருத்தனை அளக்கக் கூடாது என்று தங்கள் தாத்தாவுக்காகக் கேட்டவர்கள், பக்கத்துத் தெருக்காரனுக்கு அதை ஒத்துக்கொள்ளவில்லை. இதை எழுதினால் யாராவது கோபப்படுவாங்க என்று எடிட்டோரியல் குழுவில் ஒரு பேச்சு வந்தது. ஜோசப்பைப் பற்றிய கட்டுரையில் இதை வெட்டினால் வேறு எதை எழுதுவது என்று கேட்டேன், விட்டுவிட்டார்கள்.

அந்தச் சட்டத்தின் வால் இன்னும் நம்ம வகுப்பறையில்தான் இருக்கு. கம்யூனிட்டி சர்டிபிகேட்டில் சீர்மரபினர் என்று இருக்கிற நண்பர்கள் நம்மிடையே உண்டு. பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட குற்றப் பரம்பரை என்பதன் நாகரிகமான பெயர் அது. மாநில அரசு அவர்களைச் சமூகம் என்றது, மத்திய அரசுக் கணக்கில் பழங்குடி. இந்த ஒரு சொல் வித்தியாசத்துக்காக வருஷக்கணக்கில் ஊர்வலமும் உண்ணாவிரதமும் நடந்து, 2019-ல் இரட்டைச் சான்றிதழ் என்று ஒரு ஏற்பாடு வந்தது. அரசு கள்ளர் பள்ளி என்று போர்டு மாட்டிய பள்ளிக்கூடங்கள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் ஓடுகின்றன. சீர்திருத்துகிறோம் என்று வெள்ளைக்காரன் தொடங்கிய திட்டத்தில் வந்த பள்ளிகள். பெயரில் சாதி வேண்டாம் என்று சிலரும், அந்தப் பெயர் எங்கள் வரலாறு, கை வைக்காதே என்று சிலரும் சொல்கிறார்கள். அந்தப் பள்ளியில் படித்து நம்ம காலேஜுக்கு வந்த நண்பர் ஒருத்தருக்கு எடுத்துவிடுவதே மேல் என்று தோன்றுகிறது. அவருடைய அப்பாவுக்கு வைத்திருக்கணும் என்று. ஒரே வீட்டுக்குள் முடியாத வாதம்.

பெருங்காமநல்லூரில் செத்தவர்களுக்கு நினைவுத்தூண் இருக்கு. ஏப்ரல் 3-ம் தேதி ஊர் ஜனங்கள் கூடி மாலை போடுவார்கள். மதுரையிலிருந்து உசிலம்பட்டி ஏறத்தாழ 40 கிலோமீட்டர், செக்கானூரணி வழி. இந்த வருஷம் செமஸ்டர் அந்தத் தேதியில் வராவிட்டால் நாங்கள் நாலு பேர் பைக்கில் போகிறோம். வர நினைப்பவர்கள் சொல்லுங்க.